முதல் தழை

செம்முள்ளியை ஆள் வைத்து நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்ப்பார்கள் என்று அதுவரை ராஜபாளையத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அது பாட்டுக்கு அய்யனார் கோவில் போகிற வழியில், மலையடிவாரத்துப் புல்லுக் கரட்டில் முளைத்துக் கிடக்கும். முழங்கால் உயரம், கணுவுக்குக் கணு ஊசி முள், ஐப்பசி மழை விழுந்ததும் மஞ்சள் மஞ்சளாகப் பூ. பூவுக்கு வாசம் கிடையாது. பெண்கள் தலையில் வைப்பதில்லை. பிள்ளைகளுக்கு நெஞ்சில் சளி கட்டினால் மட்டும் அதன் ஞாபகம் வரும். தழையை அரைத்துச் சாறு பிழிந்து மலைத்தேனில் குழைத்துக் கொடுத்தால் கோழை அறுத்துக்கொண்டு வந்துவிடும். மற்ற நாளில் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

அதை வேலியாக்கினவன் சமுத்திரம். பஞ்சு வியாபாரம் பண்ணுகிற ராஜா ஒருவர் ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கரில் தோட்டம் போட்டு, நடுவில் பங்களாவும் கட்டியிருந்தார். அங்கே தோட்டக்காரனாக இருந்தான். ராஜா குற்றாலத்தில் துரைமார் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்தவர். இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமாகக் கத்தரித்த பச்சை வேலி, அதில் பூ. அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்று வண்டி வண்டியாக நாற்று கொண்டுவந்து நட்டார். ஒரு சித்திரை வெயில் அத்தனையையும் தின்றுவிட்டது. உடைமுள்ளை வெட்டி அடைத்துப் பார்த்தார்கள். கரையான் அரித்துக் கீழே சாய்த்தது. அப்போதுதான் சமுத்திரம் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த மண்ணில் கிடக்கிறதுதான் இந்த மண்ணுக்கு நிற்கும், கரட்டுச் செம்முள்ளியை நட்டுப் பார்க்கிறேன் சாமி என்றான்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் அவனுக்கு இதே வேலை. விடியுமுன் கரட்டுக்குப் போவான். செடியைச் சுற்றிச் சாண் அகலத்துக்கு மண்ணை வெட்டி, ஆணிவேர் அறுந்துவிடாமல் மண்கட்டியோடு தூக்கி, ஓலைக் கடகத்தில் வைத்துத் தலையில் சுமந்து வருவான். வெயில் ஏறுவதற்குள் நட்டுவிட வேண்டும். நட்ட செடியின் கொழுந்தைக் கிள்ளி விடுவான். கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் வெடித்து அடர்த்தி பிடிக்கும். நானூறு செடி நட்டான். இரண்டு வருஷத்தில் அது வேலியாகிவிட்டது. பூத்து நின்றபோது ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். ராஜா வேலியோரமாக ஒரு நடை நடந்து வந்து, "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை.

கரட்டில் வெறும் குழிகள்தான் மிச்சம். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு செம்முள்ளி கிடையாது. அதை யாரும் கவனிக்கவில்லை. சமுத்திரமும்தான்.

நான் சொல்ல வந்தது நடந்தது விக்டோரியா ராணி செத்துப்போனதற்கு முந்தின மார்கழியில். இந்தப் பக்கத்துக்கு ரயில் வராத காலம். தை பிறந்ததும் சப் கலெக்டர் துரை தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று ராஜா சொல்லிவிட்டார். அதுவரைக்கும் வேலியில் ஓர் இலை குறையக் கூடாது. குறையாமல் இருந்தால் தோட்டத்து மூலையில் இருக்கிற ஓட்டு வீடு சமுத்திரத்துக்கு. குறைந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

சமுத்திரமும் அவன் பெண்டாட்டி மாரியாத்தாளும் அதுவரை இருந்தது கரட்டை ஒட்டின ஓலைக் குடிசையில். மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும். ஓட்டு வீடு என்றதும் மாரியாத்தாளுக்குப் பாதித் தூக்கம் போயிற்று. சமுத்திரத்துக்கு முழுத் தூக்கமும் போயிற்று, ஏனென்றால் பக்கத்துக் குடிசையில் சுடலையம்மாள் இருந்தாள். அவளிடம் ஏழு ஆடுகள் இருந்தன.

சுடலையம்மாளின் புருஷன் சங்கிலிப்பாண்டி மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவன். போனவன் போனவன்தான். ஒரு சேதி கிடையாது. போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது. சீனியம்மா என்று பெயர். அந்தப் பிள்ளையும் ஏழு ஆடும்தான் அவளுக்குச் சொத்து. ஆடு மேய்ந்தால் பால், குட்டி போட்டால் கஞ்சி. செம்முள்ளி போன கரட்டில் கடிக்கக் கொழுந்து இல்லாததால் ஆடுகள் வேலிக்கு வந்தன. செம்முள்ளிக் கொழுந்து என்றால் ஆட்டுக்கு முள்ளெல்லாம் ஒரு பொருட்டில்லை. இரண்டு தடவை மேற்குப் பக்கம் இரண்டு கை விரித்த நீளத்துக்கு மொட்டையடித்துவிட்டுப் போயின.

முதல் தடவை நல்லபடியாகச் சொன்னான். இரண்டாம் தடவை ரோட்டில் நின்று ஏசினான். அவளும் விடவில்லை. கரட்டில் இருந்ததையெல்லாம் நீர் தோண்டிக்கொண்டு போய்விட்டீர், வாயில்லாச் சீவன் எங்கே போகும் என்று கேட்டாள். ஒரு ஆடு செத்து விழுந்தால்தான் உனக்குப் புத்தி வரும் என்று அவன் சொன்னான். கோபத்தில் எல்லாரும் சொல்கிறதுதான். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் கடைத்தெருவில் பீர் மைதீன் ராவுத்தரின் நாட்டுமருந்துக் கடைக்குப் போனான். எலித் தொல்லை என்று சொல்லி ஒரு பொட்டலம் வெள்ளைப் பாஷாணம் வாங்கினான். கையைக் கழுவிக்கொள், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வைக்காதே என்று ராவுத்தர் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். அன்று பொழுது சாய, சூடான வடிகஞ்சியில் அதைக் கரைத்து, வேப்பங்குலையால் முக்கி முக்கி மேற்குப் பக்கத்து வேலியில் தெளித்தான். கஞ்சி சேர்த்தால்தான் தழையில் ஒட்டும். ஏழு ஆட்டையும் கொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. ஒன்று விழுந்தால் போதும், மற்றதை அவள் கட்டிப்போடுவாள், தை மாதம் தாண்டிவிடும். இதை மாரியாத்தாளிடம்கூட அவன் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலம். மலையிலிருந்து இறங்கின பனி வேலியை மூடியிருந்தது. சமுத்திரம் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற கமலையின் வடத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. சுடலையம்மாள்.

"ஏட்டி சுடல, திரும்பவும் ஆட்டைப் பத்திக்கிட்டு வந்துட்டியா?"

பதில் இல்லை.

"ஒன்னத்தான் கேக்கேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் முந்தானையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள். திமிரைப் பாரு என்று அவனும் வடத்துக்குத் திரும்பிவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மருந்துத் தழை பறிக்கப் போகிறவள் பேசக் கூடாது. வாசலைத் தாண்டினதிலிருந்து சாறு பிள்ளையின் தொண்டையில் இறங்குகிற மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தழையின் சத்து பேச்சோடு போய்விடும். தழையைத் தண்ணீரிலும் அலச மாட்டார்கள். சேலைத் தலைப்பால் துடைப்பதோடு சரி. எதிரே வருகிறவர்கள் மடியில் தழையைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்வார்கள், கூப்பிட மாட்டார்கள். சமுத்திரம் தழையைப் பார்த்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும். வேலி மறைத்துவிட்டது. இடுப்பு உயரத்துக்கு அடர்த்தியாக வளர்த்தவன் அவன்தானே.

வெயில் ஏறினதும் மாரியாத்தாள் கம்பங்கூழும் துவையலும் கொண்டுவந்தாள். சட்டியை இறக்கி வைக்கும்போதே பேச்சை ஆரம்பித்தாள். சுடலையின் பிள்ளைக்கு மூன்று நாளாக நெஞ்சுச் சளி, ராத்திரி பூராவும் மூச்சு இழுத்திருக்கிறது, நெஞ்சாங்குழி உள்ளே போய்ப் போய் வருகிறதாம் என்றாள்.

சமுத்திரம் கூழைக் கையில் எடுத்தவன் அப்படியே வைத்திருந்தான்.

"மருந்து என்ன குடுத்தாவளாம்?"

"செம்முள்ளிதான். வேற என்ன குடுப்பா? கரட்டுல ஒரு செடிகூட இல்லியே. நம்ம வேலியிலதான் பறிச்சேன்னு பொறவு சொன்னா. நான் வரும்போது அரைச்சுக் குடுத்து முடிச்சுட்டா. ஏன் ஒரு மாதிரி இருக்கிய?"

அவன் ஒன்றுமில்லை என்றான். கூழைச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்து வேலிப் பக்கம் நடந்தான். ஓடவில்லை. ஓடினால் மாரியாத்தாள் கேட்பாள்.

வேலி ஓரமாக, ஒடித்த கொழுந்து எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனான். தெற்குப் பக்கம் தெளிக்கவில்லை. கிழக்கிலும் தெளிக்கவில்லை. சாமி, தெற்கில் ஒடித்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அவள் தலையை மேற்கில்தான் பார்த்தோம் என்பது தெரிந்தும் சொல்லிக்கொண்டான். தெற்கில் ஒன்றும் ஒடிபடவில்லை. மேற்கில் திரும்பி, பத்து எட்டு வைப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டான். ஒரு கை அகலத்துக்குக் கொழுந்தெல்லாம் நகத்தால் கிள்ளப்பட்டிருந்தது. காம்பில் பச்சை ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்து இலைகளின் ஓரத்தில் கஞ்சி காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பனி கொஞ்சம் கழுவியிருக்கும், கொஞ்சமாவது கழுவியிருக்கும் என்று நினைத்தான். விரலால் ஓர் இலையைத் தடவிப் பார்த்தான். விரலில் மாவு ஒட்டியது.

வேலி ஓரத்திலேயே குந்திவிட்டான்.

அப்புறம் அவன் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நேராக அவள் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். அவன் ஓடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் கூடும். போலீஸ் வரும். விலங்கு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக் கச்சேரிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆட்டுக்கு வைத்தேன் என்றால் எவன் நம்புவான்? ஒரு ஆடு செத்து விழணும் என்று ரோட்டில் நின்று கத்தினதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். இப்படி எல்லாம் யோசித்தான். யோசிக்கிற நேரத்தில் பாஷாணம் அங்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அவனுக்குப் புரிந்ததும் எழுந்து ஓடினான். துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினான்.

சுடலையம்மாள் குடிசை வாசலில் ஏழு ஆடும் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. முன்னால் ஒடித்துப் போட்ட வாகைக் குலை. சண்டை போட்ட நாளிலிருந்தே அவள் ஆடுகளை அவிழ்க்கவில்லை. இரண்டு மைல் நடந்து தழை ஒடித்து வந்து போட்டிருக்கிறாள். விடியுமுன் போய் இருட்டித் திரும்புகிற சமுத்திரம் அதைக் கவனித்ததில்லை, ஆடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வாங்க அண்ணாச்சி" என்று அவள் உள்ளேயிருந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "காலையில நீங்க கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லாம போயிட்டேன்னு கோவமா? மருந்துக்குத் தழை பறிக்கையில எப்படி அண்ணாச்சி வாயத் தொறப்பேன்? மனசுக்குள்ள ஒங்களக் கும்பிட்டுக்கிட்டேதான் பறிச்சேன். ஒங்க வேலி மட்டும் இல்லேன்னா இந்தப் பனியில நான் எங்க போய்த் தேடியிருப்பேன்?"

பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டான்.

பிள்ளை பாயில் கிடந்தது. முகம் வெளுத்து, உதட்டைச் சுற்றி வியர்த்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகி, ஒரு பக்கமாகப் புரண்டு வாந்தி எடுத்தது. சுடலையம்மாள் ஓடிப்போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் சந்தோஷம்.

"பாருங்க, சளி எம்புட்டு வருதுன்னு. இது மூணாவது வாந்தி. மருந்து பிடிச்சுக்கிட்டு. உள்ள கிடக்கிற கோழையெல்லாம் அறுத்துக்கிட்டு வருது."

பாயோரம் கிடந்ததை அவன் பார்த்தான். அதில் சளி கொஞ்சம்தான். சிவப்பாக இரண்டு நூல் ஓடியது. அவளும் அதைப் பார்த்தாள். நெஞ்சுப்புண் என்றாள். இன்னொரு வேளை உள்ளே போனால் ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டே அடுப்படியிலிருந்து சிரட்டையை எடுத்து வந்தாள். சிரட்டையில் பச்சையாகச் சாறு, மேலே தேன் மினுமினுத்தது. காலையில் பிழிந்ததில் பாதியை இரண்டாம் வேளைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். பிள்ளையின் தலையை மடியில் வைத்து, மூக்கைப் பிடித்து, சிரட்டையை வாயோரம் கொண்டுபோனாள். வாய் திறக்கக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டாள்.

சமுத்திரம் சிரட்டையைத் தட்டிவிட்டான்.

அது சுவரில் பட்டு உருண்டது. சாறு தரையெல்லாம் தெறித்தது. சுடலையம்மாள் அப்போதும் பேசவில்லை. அவனையே பார்த்தாள்.

"குடுக்காத" என்றான். "அதுல பாஷாணம் இருக்கு தாயி. நான்தான் தெளிச்சேன். ஒன் ஆட்டுக்குத் தெளிச்சேன்."

அவள் புரிந்துகொள்ள ஒரு கணம் ஆயிற்று. வாசலில் கட்டிக் கிடந்த ஆடுகளைப் பார்த்தாள். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். அவன் பின்னால் ஓடினான்.

பீர் மைதீன் ராவுத்தர் கடையில் அதிமதுரம் நிறுத்துக்கொண்டிருந்தார். சமுத்திரம் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டு அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. எலிக்கு என்றுதானே வாங்கினாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு அதற்குமேல் அதைப் பேசவில்லை. உப்புக் கரைத்த வெந்நீரைப் பிள்ளைக்குப் புகட்டி, தொண்டையில் விரல்விட்டு வாந்தி எடுக்க வைத்தார். வீட்டுக்குள் குரல் கொடுத்து நாலு முட்டை வாங்கி, வெள்ளைக்கருவைப் பாலில் அடித்து அதையும் புகட்டினார். பால் பாதி பிள்ளையின் கழுத்தில் வழிந்தது.

"ஏலே, இதுக்குமேல எனக்குத் தெரியாது" என்றார். "நான் விக்கிறவன், வைத்தியன் இல்ல. வண்டியப் பூட்டுதேன். தருமாஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு மைல். ராவுத்தரின் ஒற்றைமாட்டு வண்டியில் பூட்டினது ஓடுகிற மாடுதான், ஆனாலும் அன்று ஊர்ந்த மாதிரி இருந்தது. வழி நெடுக இரண்டு பக்கமும் நெல் பால் பிடித்து நின்றது. எதிரே சாத்தூருக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிப் போகிற வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி வழி விட வேண்டியிருந்தது. ராவுத்தர் மாட்டை விரட்டிக்கொண்டே வாய்க்குள் துவா ஓதினார். பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்தது. ஒரு தடவை வெளிக்குப் போயிற்று. அப்புறம் முனகுவதையும் நிறுத்திவிட்டது. முனகினபோது பயமாக இருந்தது, நிறுத்தினபோது அதைவிடப் பயமாக இருந்தது. கெண்டைக்கால் சதை இழுத்து இழுத்து விட்டது. சமுத்திரம் அந்தக் காலைத் தேய்த்துவிடக் கையை நீட்டினான். சுடலையம்மாள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவன் வண்டியின் பின்கட்டையில் உட்கார்ந்து, பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கினால் மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பான். கோபுரம் கண்ணில் பட்டது. பட்ட பிறகும் வெகு நேரம் அது கிட்ட வரவே இல்லை. தான் ஓட்டு வீட்டுக்கு ஆசைப்பட்டதை நினைத்தபோது அவனுக்குத் தன்னை உரித்துப் போட வேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை பார்த்தவர் ஓர் அப்பாத்திக்கரி, முழு டாக்டருக்கு ஒரு படி கீழே, மூக்குக்கண்ணாடிக்காரர். பிள்ளையை மேசையில் போட்டு, ரப்பர் குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார். சுடலையம்மாள் அப்போதுதான் ஒரே ஒரு தடவை அலறினாள். குழாய் வழியாகப் பச்சையாகவும் பழுப்பாகவும் வந்தது. கழுவிக் கழுவி விட்டு, ஏதோ செம்மண் மாதிரி ஒரு மருந்தைக் கலக்கி உள்ளே ஊற்றினார். பொழுது சாய்கிற மட்டும் பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் கடுதாசியும் பேனாவும் எடுத்துக்கொண்டு, விஷம் உள்ளே போனது எப்படி, எழுத வேண்டும், போலீசுக்கும் சொல்லியனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

சமுத்திரம் சுவரோரம் நின்றிருந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் சுடலையம்மாள் சொன்னாள்.

"எலி மருந்துங்கய்யா. அடுப்படியில சிரட்டையில கலந்து வச்சிருந்தேன். அதே சிரட்டைன்னு தெரியாம பிள்ளைக்கு மருந்து குழைச்சுட்டேன். எம் புத்தி."

அப்பாத்திக்கரி அவளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, கைத்தவறு என்று எழுதிக்கொண்டார். அவள் தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். ராவுத்தர் வெளியே போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது.

பொழுது சாய்ந்தது. பிள்ளையின் நாடி நூலாக ஓடியது. வேப்பமரத்தடியில் அவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக. உள்ளே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூன்று பேரும் தலையைத் தூக்குவார்கள். விளக்கேற்றுகிற நேரத்தில் அப்பாத்திக்கரி வாசலுக்கு வந்து, தண்ணீர் கேட்கிறது, சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம், பிழைத்துக்கொள்ளும் என்றார். நிறைய உள்ளே போகவில்லை, போனதையும் வாந்தி எடுத்துவிட்டது, இன்னொரு வாய் போயிருந்தால் கஷ்டம்தான் என்றார். ராவுத்தர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். சமுத்திரம் தரையோடு விழுந்து சுடலையம்மாளின் காலைத் தொட்டான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"எந்திரிங்க" என்றாள். வண்டி ஏறினதிலிருந்து அவனோடு அவள் பேசின முதல் பேச்சு. "ஒங்களக் காப்பாத்தணும்னு நான் பொய் சொல்லல. நெசத்தச் சொன்னா போலீசு வரும். ராஜா அந்த வேலியத் தூரோட பிடுங்கித் தீ வச்சுருவாவ. பொறவு எம்பிள்ளைக்கு அடுத்தாப்புல சளி பிடிச்சா நான் தழைக்கு எங்க போவேன்? கரட்டுல ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கியளா?"

அவன் எழுந்து நின்றான்.

மூன்றாம் நாள் பிள்ளையோடு ஊர் திரும்பினார்கள். சிரட்டையிலிருந்து சிந்தின சாற்றைக் கொத்தின கோழிக்குஞ்சு இரண்டு அன்றைக்கே செத்துப்போனதாகவும், யாருக்கும் சொல்லாமல் புதைத்துவிட்டதாகவும் மாரியாத்தாள் சொன்னாள். அதற்குமேல் அவனிடம் அவளும் பல நாள் பேசவில்லை. சமுத்திரம் மேற்கு வேலியைத் தரையோடு அறுத்து, அறுத்ததைக் குழி வெட்டிப் புதைத்து, மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வாரி எடுத்தான். ராஜா வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். கரையான் விழுந்துவிட்டது சாமி என்றான். அந்த வேலியை வளர்க்கத் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால் வேலை மட்டும் தப்பியது. சப் கலெக்டர் துரை வரவே இல்லை, ராணி செத்துப்போனதில் எல்லாம் தள்ளிப்போயிற்று. ஓட்டு வீட்டில் பருத்தி மூட்டை அடுக்கினார்கள். சமுத்திரம் ஒழுகுகிற குடிசையிலேயே இருந்தான். மறு மழைக்கு மேற்கு வேலி துளிர்த்து வந்தது. அந்த ஐப்பசியில் அவன் வேலியிலிருந்து முப்பது கன்றைப் பதியம் போட்டு எடுத்துக் கரட்டில் பழைய குழிகளிலேயே நட்டான். எதுவும் நிற்கவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு விடியற்காலம் சுடலையம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். உதட்டை மடித்திருந்தாள். சமுத்திரம் கமலையை நிறுத்திவிட்டு வந்தான். கூப்பிடவில்லை. அவள் தெற்கு வேலியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி, வேலிக்கு மேலாக அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அதை வாயில் போட்டு மென்று விழுங்கினான். கசப்பு. மலைக்கு மேலே வெயில் விழுகிற மட்டும் அவள் அசையாமல் நின்று அவனையே பார்த்தாள். அதற்கப்புறம்தான் மடி நிறையப் பறித்துக்கொண்டு போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் அப்படித்தான். அவள் வருவாள், நீட்டுவாள், அவன் தின்பான். அந்தத் தெருப் பெண்கள் இதைப் பார்த்தார்கள். சுடலையம்மாளின் பிள்ளை சாவிலிருந்து மீண்டது ஊருக்கே தெரியும், அவள் செய்கிறதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்குத் தழை பறிக்க வந்தவள் முதல் கொழுந்தை அவனிடம் நீட்டினாள். பிறகு இன்னொருத்தி. தூரத்துக் கூமாப்பட்டியிலிருந்து வந்தவர்கள்கூட நீட்டினார்கள். செம்முள்ளி பறித்தால் முதல் தழை தோட்டக்காரனுக்கு, அவன் தின்றால்தான் மருந்து பிடிக்கும் என்று அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்த நாலு பேரும் சொல்லவில்லை. ராவுத்தர் மட்டும் அதற்கப்புறம் பாஷாணம் விற்பதை விட்டுவிட்டார்.

சமுத்திரத்துக்குத் தலை நரைத்த பிறகு ஒரு மார்கழியில் சீனியம்மாவே வந்தாள். இடுப்பில் இழுத்து இழுத்து மூச்சு விடுகிற கைப்பிள்ளை. அவள் உதட்டை மடித்துக்கொண்டு, முகம் மலர, மரியாதையாக இரண்டு கையாலும் முதல் கொழுந்தை அவனிடம் நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் கையை நீட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வயசாகிவிட்டது தாத்தாவுக்கு என்று அவள் நினைத்திருப்பாள். அவன் மென்று விழுங்கிவிட்டு, பறித்துக்கொள் என்று தலையை ஆட்டினான்.

அவள் போன பிறகு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான். முப்பது வருஷமாக அந்த வேலியில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் அவன் தெளித்ததில்லை. அது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் அன்றைக்குப் பொழுது சாய்கிற மட்டும் தன் வயிற்றில் ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.